பாதியில் நின்ற பாட்டு

பதினாலு பேர் உட்காரும் டாக்ஸி வேனில் பதினாறாவது ஆளாக ஓஜாரா நுழைந்தபோது, பக்கத்திலிருந்த பெண்மணி தன் கோழியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். கேட்கவில்லை. வைத்தாள்.

"மேடம், இந்தக் கோழி என்னை சந்தேகமா பாக்குது," என்றான், மறுபக்கம் உட்கார்ந்திருந்த தன் முதலாளியிடம்.

"உன் மூஞ்சிக்கு அது நியாயம்தான். வாயை மூடிட்டு காதைத் திற," என்றாள் நலுபெகா.

நலுபெகா பல வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருந்தவள். தானே கொளுத்திய கடைக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களின் கண்ணீரைப் பார்த்தே தீப்பெட்டி எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இப்போது வாண்டெகேயா சந்தைக்கு மேலே ஒரு மாடி அறையில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம். ஓஜாரா அவளுடைய உதவியாளன். வடக்கே குலுவிலிருந்து கம்பாலாவுக்கு வந்தவன். ஆறடி இரண்டு அங்குலம். அதனால் எந்த டாக்ஸியிலும் அவனுடைய முழங்கால் முன்சீட்டுக்காரரின் முதுகில்தான் இருக்கும்.

முந்தின நாள் ஒரு அம்மாள் அழுதுகொண்டே அவர்களைத் தேடி வந்தாள். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றவள் என்பதால் கம்வோக்யா பேட்டை முழுக்க அவளை நாலோங்கோ என்றுதான் கூப்பிடும். இரட்டையரில் மூத்தவன் வஸ்வா, ஜின்ஜாவில் மீன் வியாபாரம். இளையவன் காட்டோ, அம்மாவின் ரிக்கார்டிங் ஸ்டூடியோவில் இன்ஜினியர். பாடகி லேடி ஓபலின் புது ஆல்பம் அங்கேதான் பதிவானது. சனிக்கிழமை பெரிய மேடையில் வெளியீடு. அதற்குள் அதிலிருந்து ஒரு பாட்டு ஏதோ ஒரு டாக்ஸியில் ஓடுவதை ஒரு ரசிகர் போனில் பிடித்து அவளுக்கே அனுப்பிவிட்டார்.

ஸ்டூடியோ கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் காட்டோ. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் திருடனைக் காட்டாவிட்டால் காட்டோவைப் போலீசில் ஒப்படைப்பேன் என்று லேடி ஓபல் சொல்லியிருந்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

ரசிகர் அனுப்பிய துணுக்கில் பாட்டுக்குப் பின்னால் இரண்டு சத்தம் கேட்டது. "நாக்குலபே, கசுபி" என்று கண்டக்டர் கூவுவது ஒன்று. ஆடு கத்துவது போன்ற ஹாரன் இன்னொன்று. காலையிலிருந்து அந்தத் தடத்தில் ஓஜாரா ஏறாத டாக்ஸி இல்லை. இந்த வண்டி டாக்ஸி பார்க்கை விட்டு வெளியே வரும்போது ஹாரன் அடித்தது. ஆடு கத்தியது. இருவரும் ஓடி ஏறினார்கள்.

டிரைவர் அறுபதைத் தொடும் மனிதர். இஸ்திரி போட்ட சட்டை. ஸ்டீரியோவில் சொருகியிருந்த மஞ்சள் பென்டிரைவிலிருந்து பழைய ஒற்றைக் கிட்டார் பாட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதி வண்டி கூடவே முணுமுணுத்தது. திடீரென்று பாட்டு போய் ஒரு அம்மாளின் குரல் வந்தது.

"காட்டோ, சாப்பிட வர்றியா, இல்ல நாய்க்குப் போடவா?"

வண்டி முழுக்கச் சிரிப்பு. முந்தியே கேட்டவர்களுக்கு இன்னும் அதிகச் சிரிப்பு.

"இது நம்ம நாலோங்கோ குரல் மேடம்," என்றான் ஓஜாரா மெதுவாக.

அடுத்து பன்றித் தீவன விளம்பரம். ஒரு ஆண்குரல் தீவனத்தின் பெருமை சொல்ல, அதே ஆண்குரல் பன்றியாகவும் உறுமியது. அதற்கும் பிறகுதான் அந்தப் பாட்டு. டிரைவர் கை நீட்டி ஒலியைக் கூட்டினார். லேடி ஓபலின் குரல்.

வாழைத்தார் சுமந்து வர்றவளே, வழியில...

அவ்வளவுதான். கத்தரியால் வெட்டியது போலப் பாட்டு நின்றது. ஸ்டீரியோ மறுபடி முதல் பாட்டுக்குப் போய்விட்டது. ஆனால் டிரைவர் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே, தனக்குள் தொடர்ந்தார்.

"...வழியில நின்னு ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

நலுபெகா கோழியை அதன் சொந்தக்காரியிடம் எடுத்துக் கொடுத்தாள். யோசிக்கும்போது அவளுக்கு ஓஜாராவின் மடி காலியாக இருக்க வேண்டும், கைப்பையை வைக்க.

கசுபியில் எல்லோரும் இறங்கிய பிறகு அவள் டிரைவர் ஜன்னல் பக்கம் போனாள்.

"பாட்டு நல்லா இருக்கு செபோ," என்றாள், 'ஐயா' என்கிற மரியாதையோடு. "எங்க கிடைச்சது?"

"பிடிச்சிருக்கா?" டிரைவரின் முகம் மலர்ந்தது. "கேட்டவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

"யார் குடுத்தா?"

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. "அதைச் சொல்றதுக்கில்ல ஞாபோ," என்றார், அவரும் 'அம்மா' என்று மரியாதை காட்டி. "ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன். மன்னிச்சுக்குங்க."

"உங்க பேரையாவது சொல்லலாமா?"

"லுபோவா. அதை இந்தத் தடத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க." அவர் வண்டியைத் திருப்பினார். ஆடு கத்தியது.

"முடிஞ்சது மேடம்," என்றான் ஓஜாரா. "யாருக்கோ வாக்குக் குடுத்திருக்காராம். பென்டிரைவ்ல இல்லாத வரியைப் பாடறாரு. முழுப் பாட்டையும் கேட்டிருக்காரு. காட்டோ குடுத்திருக்கான். நாலோங்கோகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் கூட நின்னு அழறேன்."

"ஒரு பெரிய பாடகியோட ஆல்பத்தைத் திருடறவன், கூடவே பன்றித் தீவன விளம்பரத்தையும் திருடுவானா?"

ஓஜாரா யோசித்தான். "பன்றி வளர்க்கிறவனா இருந்தா?"

"திருடனுக்கு எது வேணும்னு தெரியும், எடுப்பான். இது எதுவுமே தெரியாத ஒருத்தன் வேலை. அம்மா திட்டு, பன்றி, பாட்டு, எல்லாம் அவனுக்கு ஒண்ணுதான். இடம் தீர்ற வரைக்கும் அள்ளிப் போட்டிருக்கான். வா."

கம்வோக்யாவில் முடி பின்னும் கடைக்கு மேலே ஸ்டூடியோ. சுவரெல்லாம் முட்டை அட்டைகள். நாலோங்கோ வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே காட்டோ, மூன்று நாள் தாடியோடு, கம்ப்யூட்டர் முன்னால். ஓஜாராவைப் பார்த்ததும் எழுந்து நின்று இரண்டு கையையும் ஒன்றாகச் சேர்த்து நீட்டினான்.

"விலங்கு போடவா வந்தீங்க?"

"கையைக் கீழே போடு. விலங்கு வாங்கற அளவுக்கு எங்களுக்கு வருமானம் இல்ல," என்றான் ஓஜாரா. "பன்றிக்குக் குரல் குடுத்தது நீதானே? ரொம்ப உருக்கமா இருந்துச்சு."

"அதை எங்க கேட்டீங்க?" காட்டோவுக்கு ஆச்சரியம். "அது இன்னும் ரேடியோவுக்கே போகலையே. செவ்வாய்க்கிழமைதான் பதிவு பண்ணேன்."

"செவ்வாய்க்கிழமை வேற என்ன பதிவு பண்ணே?" என்றாள் நலுபெகா.

"காலைல மைக் சோதிச்சேன், அப்பதான் அம்மா சாப்பிடக் கூப்பிட்டாங்க, அதுவும் பதிவாயிடுச்சு. அப்புறம் விளம்பரம். மத்தியானம் லேடி ஓபல் வந்து வாழைத்தார் பாட்டை முடிச்சாங்க."

"அதே வரிசையிலதான் டாக்ஸியில ஓடுது. அன்னிக்கு வேலையை எங்கெல்லாம் நகல் எடுத்து வைப்பே?"

காட்டோ மேஜையின் ஓரத்தில் செங்கல் அளவில் இருந்த கறுப்பு டிஸ்கைக் காட்டினான். "இதுதான் பேக்கப். நான் எதுவும் செய்ய வேண்டாம். கடை மூடினப்புறம் மெஷினே அன்னிக்குப் பண்ணதையெல்லாம் இதுல காப்பி பண்ணிடும்."

"செவ்வாய்க்கிழமை காப்பியைக் காட்டு."

காட்டோ திறந்தான். திங்கள் இருந்தது. புதன் இருந்தது. வியாழன் இருந்தது. செவ்வாய் இல்லை. மேலும் கீழும் இரண்டு தடவை தேடினான்.

"மெஷின் அன்னிக்கு லீவு போட்டுச்சா?" என்றான் ஓஜாரா.

"இல்ல. புதன் காலைல வந்து பாத்தப்போ ஒரு எச்சரிக்கை இருந்துச்சு. 'டிஸ்க் நிரம்பிவிட்டது, இடமில்லை'ன்னு. இந்த டிஸ்க்ல பாதிக்கு மேல காலி. ஏதோ உளறுதுன்னு அழிச்சிட்டேன்."

நலுபெகா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது.

"பாதி காலியா இருக்கிறவன் வயிறு நிறைஞ்சு போச்சுன்னு சொல்ல மாட்டான். அப்போ சொன்னது வேற யாரோ. சாப்பாடு வேற இலைக்குப் போயிருக்கு. காட்டோ, செவ்வாய்க்கிழமை இந்த மெஷின்ல இந்த டிஸ்க் தவிர என்ன சொருகியிருந்துச்சு?"

"மவுஸ், கீபோர்டு..." காட்டோ நிறுத்தினான். "ஒரு பென்டிரைவ். பழைய ஒற்றைக் கிட்டார் பாட்டுகள் வேணும்னு கேட்டாங்க, போட்டு வச்சேன். எடுக்க மறந்து அப்படியே இருந்துச்சு. ஆனா அதுல ஆல்பம் எதையும் நான் போடல. சத்தியமா."

"மஞ்சள் கலரா?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"நீ போடல. தெரியும். அன்னிக்கு கரண்ட் போச்சா?"

"கரண்ட் போகாத நாள் எது ஞாபோ? சாயங்காலம் போய் வந்துச்சு. மெஷின் தானா அணைஞ்சு தானா எழுந்துச்சு. புதன்கிழமையும் அப்படித்தான்."

"உன் பென்டிரைவ் ஏதாவது இருந்தா சொருகு. மெஷினை அணைச்சு எழுப்பு."

காட்டோ அப்படியே செய்தான். திரை கறுத்து, வெளுத்து, எழுத்துகள் ஓடின. எழுந்ததும் அவன் டிஸ்குகளின் பெயர்களைப் பார்த்தான். இரண்டாவது தடவை பார்த்தான். பிறகு தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டான்.

"லினக்ஸ் மெஷின் ஞாபோ. எழுந்துக்கும்போது யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அந்த வரிசையில ஏ, பி, சின்னு பேர் வைக்கும். உள்ள இருக்கிற டிஸ்க் ஏ. வழக்கமா இந்தக் கறுப்பு டிஸ்க் பி. அதனால நான் 'தினமும் பிக்குக் காப்பி பண்ணு'ன்னு எழுதி வச்சிருந்தேன். ஆனா இது பழைய டிஸ்க், சுத்த ஆரம்பிக்க நேரமாகும். பென்டிரைவ் சட்டுனு கை தூக்கிடுச்சு. இப்போ பாருங்க, பென்டிரைவ்தான் பி. கறுப்பு டிஸ்க் சி ஆயிடுச்சு."

"நாலோங்கோ," என்று நலுபெகா திரும்பினாள். "உங்க பசங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டு வர்றாங்க. இன்னிக்கு காட்டோ முதல்ல வாசல்ல நுழைஞ்சிட்டான். அவனை வஸ்வான்னு கூப்பிடுவீங்களா?"

நாலோங்கோவுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "என்ன கேள்வி இது? முதல்ல பொறந்தவன் வஸ்வா, அடுத்தவன் காட்டோ. எவன் முன்னால வந்தா என்ன? சாகற வரைக்கும் அதுதான் பேரு."

"அது உங்களுக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியல. வாசல்ல யார் முன்னால வந்தானோ அவனையே மூத்தவன்னு நெனச்சு அண்ணனோட சோத்தைத் தம்பிக்குப் போட்டிருக்கு. தம்பி வயிறு சின்னது. பாட்டு பாதியில வயிறு நிறைஞ்சு போச்சு."

"அதான் வழியிலேயே வெட்டிடுச்சா?" என்றான் ஓஜாரா.

"டிஸ்குக்கும் பொறந்த பேர் உண்டு," என்றான் காட்டோ, விரல்கள் ஏற்கனவே கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்தன. "உள்ளுக்குள்ள நீளமா ஒரு அடையாளம் எழுதியிருக்கும். எந்த வரிசையில வந்தாலும் அது மாறாது. அந்தப் பேரைச் சொல்லிக் காப்பி பண்ணச் சொல்லியிருக்கணும். சோம்பேறித்தனம் பண்ணிட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்," என்றான் ஓஜாரா. "அந்த மஞ்சள் பென்டிரைவ் யாரோடது? அவங்களைப் பிடிச்சா சாயங்காலம் ரோலெக்ஸ் சாப்பிடப் போகலாம். எனக்குச் சப்பாத்தியில ரெண்டு முட்டை வச்சுச் சுருட்டினது."

காட்டோ விரலை நிறுத்தினான். அறையில் இருந்த எல்லோரையும் ஒரு தடவை பார்த்தான்.

"லேடி ஓபலோடது. புதன்கிழமை காலைல அவங்களே வந்து, அவங்க கையாலயே பிடுங்கிட்டுப் போனாங்க."

கீழே கடையில் ஒரு ஹேர் டிரையர் ஓடும் சத்தம் கேட்டது.

"தன் பாட்டைத் தானே திருடிட்டு என் பையனைப் போலீசுக்குக் குடுப்பேன்னாளா அவ?" நாலோங்கோ இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். ஓஜாரா கதவை மறித்தான். ஆறடி இரண்டு அங்குலம் அப்போதுதான் உபயோகப்பட்டது.

"அவளுக்கும் தெரியாதும்மா," என்றாள் நலுபெகா. "தெரிஞ்சா இவ்வளவு சத்தம் போட மாட்டா. ஆனா எனக்கு ஒண்ணு இன்னும் இடிக்குது. பென்டிரைவ்ல பாட்டு 'வழியில'ன்னு நிக்குது. அந்த டிரைவருக்கு அடுத்த வரி தெரியுது. காட்டோ, அந்தப் பாட்டை எழுதினது யாரு?"

"யாரும் எழுதல. அவங்களே முணுமுணுத்துக்கிட்டே வந்தாங்க. யாரோட மெட்டுன்னு கேட்டேன். வீட்டுலேர்ந்து கொண்டு வந்ததுன்னாங்க. அதுக்கு மேல சொல்லல."

நலுபெகா எழுந்து போனை எடுத்தாள். "லேடி ஓபல்? ஆள் கிடைச்சாச்சு. பழைய டாக்ஸி பார்க்குக்கு வாங்க. தனியா வாங்க."

"யார் மேடம் ஆள்?" என்றான் ஓஜாரா.

"நீ டாக்ஸியில கோழியைப் பாத்துக்கிட்டு இருந்தே. நான் டிரைவர் முகத்தைப் பாத்தேன்."

டாக்ஸி பார்க்கில் வெயில் சாய்ந்திருந்தது. நூற்றுக்கணக்கான வெள்ளை வேன்கள், நடுவில் போக வழி இல்லாமல். லேடி ஓபல் கறுப்புக் கண்ணாடியும் பெரிய தொப்பியுமாக வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"எங்க அவன்? அவனையும் அந்தக் காட்டோவையும் ஒரே லாக்கப்புல..."

நலுபெகா கையை நீட்டினாள். நாக்குலபே வரிசையில் முதலாவது வண்டி. கண்டக்டர் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். டிரைவர் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மெல்லப் பாடிக்கொண்டிருந்தார்.

லேடி ஓபலின் கால்கள் நின்றுவிட்டன.

"உங்க பென்டிரைவ் செவ்வாய்க்கிழமை ஸ்டூடியோ மெஷின்ல இருந்துச்சு," என்றாள் நலுபெகா. "பேக்கப் டிஸ்குன்னு நெனச்சு மெஷின் அதுல காப்பி பண்ணிடுச்சு. காட்டோவுக்கே தெரியாது. புதன்கிழமை நீங்க அதை எடுத்து யாருக்குக் குடுத்தீங்கன்னு நான் கேக்க மாட்டேன்."

"பழைய பாட்டுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்." அவள் குரல் இறங்கியிருந்தது. "ஆறு மாசமா கேட்டுக்கிட்டே இருந்தாரு."

"பத்திரிகையில உங்கப்பாவுக்கு என்டெபேல ஹோட்டல் இருக்குன்னு படிச்சேன்."

அவள் தொப்பியை இன்னும் கீழே இறக்கினாள். அதற்குள் டிரைவர் அவளைப் பார்த்துவிட்டார். சிரிக்கத் தொடங்கி, சுற்றிலும் இருந்த கூட்டம் நினைவுக்கு வந்து, தெரியாதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் வேகமாகக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஓஜாராவுக்கு அப்போதுதான் விளங்கியது.

லேடி ஓபல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வண்டிகளுக்கு நடுவே புகுந்து அவர் அருகே போனாள்.

"அப்பா."

லுபோவா பதறியதில் அவளுடைய சொந்தப் பெயரே வாயில் வந்தது. "யாராவது கேட்டுடப் போறாங்க நான்சுபுகா. நான் யார்கிட்டயும் சொல்லல. இந்த அம்மா கேட்டாங்க, அவங்ககிட்டகூட சொல்லல."

"அந்தப் பாட்டு..."

"முதல் தடவை அது வந்தப்போ நாமிரெம்பே முனையில வண்டியை நிறுத்திட்டேன். பின்னால அத்தனை பேரும் திட்டினாங்க. வண்டி கழுவும்போது நான் பாடறதைப் போய் நீ பாட்டா பண்ணியிருக்கே. பழைய பாட்டு கேட்ட அப்பனுக்கு இதையும் சேத்துப் போட்டுக் குடுத்திருக்கியேன்னு..." அவர் துணியை மடித்தார், மறுபடி பிரித்தார். "தப்பா? வெளிய போடக் கூடாதா?"

"சனிக்கிழமைதாம்ப்பா வெளிய வருது."

"ஐயோ. இரு." அவர் வண்டிக்குள் சாய்ந்து ஸ்டீரியோவிலிருந்து மஞ்சள் பென்டிரைவைப் பிடுங்கி அவள் உள்ளங்கையில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. நானும் மத்தவங்க மாதிரி நாளைக்கே கேட்டுக்கறேன்."

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு நலுபெகாவிடம் திரும்பி, "காட்டோகிட்ட நானே போய் மன்னிப்புக் கேக்கறேன். நாலோங்கோகிட்டயும்," என்றாள்.

"நாலோங்கோகிட்ட போகும்போது தொப்பி வேண்டாம், ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க," என்றான் ஓஜாரா.

அவள் சிரித்தாள். வண்டியின் முன்கதவைத் திறந்து டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பென்டிரைவை ஸ்டீரியோவில் திரும்பச் சொருகினாள்.

பின்சீட்டில் பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண் எம்பிப் பார்த்தாள். "லேடி ஓபல்தானே நீங்க? இந்த டாக்ஸியில என்ன பண்றீங்க?"

"எங்கப்பா வண்டி இது," என்றாள் அவள், பின்சீட்டுக்கும் கேட்கிற மாதிரி.

லுபோவா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி முதல் தடவை கிளம்பவில்லை. கண்டக்டர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "முன்சீட்டு ஞாபோ, கட்டணம்?" என்றான்.

"அவகிட்ட கேக்காதே," என்றார் லுபோவா. "அவ என் பொண்ணு."

அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, அது நன்றாக இருந்ததாலோ என்னவோ, வண்டியை நகர்த்தும் முன் இன்னொரு தடவையும் சொன்னார்.